பாழ்வளவுத் தொட்டியும் தவளையின் உயிரும்

அறவியல் என்றதும் போரும் புரட்சியும், பசியும் நீதியும் போன்ற பெரும் பொருள்களே பலர் நினைவில் எழுகின்றன. அப்பொருள்கள் பெரியன என்பதில் ஐயமில்லை. ஆயினும், அவை பற்றி ஒருவன் கொள்ளும் கருத்து அவனது அன்றாட நடத்தையினாற் சோதிக்கப்படுவது அரிது. போரை நிறுத்தும் ஆற்றல் அவனிடம் இல்லை; ஆகவே போரைக் கண்டித்தலால் அவனுக்கு நேரும் செலவும் இல்லை. ஆனால், கையெட்டும் தூரத்தில், அவனே செய்தோ செய்யாது விட்டோ தீரவேண்டிய சிறு கருமம் ஒன்று அவனது அறவுணர்வை மெய்யாகவே உரைத்துப் பார்த்துவிடும். வீட்டின் பின்வளவிற் கவனிப்பாரற்றுக் கிடக்கும் நீர்த்தொட்டி அத்தகைய கருமங்களுள் ஒன்றாகும்.

பல காலமாகத் துப்புரவு செய்யப்படாத தொட்டியில் மழைநீர் தேங்கி நிற்கின்றது. அதில் நுளம்பு பெருகும் என்பதாற் சுகாதார விதி அதனை வெறுமையாக்குமாறு பணிக்கின்றது. அதே தொட்டியிற் தவளைகள் குடியேறி முட்டையிட்டுள்ளன. நீரை இறைத்துவிட்டால் அவற்றின் குஞ்சுகள் அனைத்தும் மாண்டுபோகும். ஒருபுறம் அயலவரின் உயிர். மறுபுறம் எவர்க்கும் தீங்கு செய்யாத சிற்றுயிர்களின் வாழ்வு. இவ்விரண்டுக்கும் இடையில் நிற்பவன் செய்யத்தக்கது யாது? விதிக்குப் பணிந்த அளவில் அவனது கடமை முடிந்துவிடுகின்றதா? இவ்வினாக்களை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதலிற் தொட்டியின் இயல்பை நோக்குதல் வேண்டும். யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு எதுவும் இல்லை. சுண்ணக்கற் பாறையினூடே ஊறி நிற்கும் நிலத்தடி நீரே அங்கு உயிராதாரம். எனவே வளவுதோறும் கிணறும், கிணற்றடியிற் குளிப்பதற்கும் தோட்டத்துக்கு நீர் விடுவதற்கும் கட்டிய சீமெந்துத் தொட்டியும் உள்ளன. வீட்டிற் குடியிருப்போர் உள்ளவரை அத்தொட்டி நாள்தோறும் நிறைந்து நாள்தோறும் வெறுமையாகும். அதில் எவ்வுயிரும் நிலைகொள்ள அவகாசம் இல்லை. ஆனால் 1983இன் பின்னர்க் கடல் கடந்து சென்றோர் பலர். 1995ஆம் ஆண்டு ஒக்டோபர் இறுதியில் வலிகாமத்திலிருந்து நிகழ்ந்த பெரும் இடப்பெயர்வின்போது வீட்டை விட்டகன்றோர் அனைவரும் மீண்டு வந்தாரல்லர். 2009ஆம் ஆண்டிற் போர் முடிவுற்ற பின்னரும் உரிமையாளர் வராத வளவுகள் ஊர்தோறும் எஞ்சியுள்ளன. அவ்வளவுகளின் தொட்டிகளே பாழ்பட்ட நீர்நிலைகளாக மாறின. தலைநகரில் இதே நிலையைக் கட்டி முடியாத மாடிகளின் நிலவறைகளும், பயன்படுத்தப்படாத நீச்சற் குளங்களும் அடைந்துள்ளன.

பாழ்படுதல் என்பது மனிதனின் நோக்கிற் கூறப்படுவது. இயற்கையின் நோக்கில் அது குடிபுகுதலாகும். வடகீழ்ப் பருவமழையின் முதற் பெருக்கில் தொட்டி நிரம்புகின்றது. சில நாள்களில் நீர் பசுமை கொள்கின்றது. நுளம்பு வந்து முட்டையிடுகின்றது. தொட்டியின் சுவரிலோ அதன்மேற் தாழ்ந்த கிளையிலோ மரத்தவளை வெண்ணுரையாற் கூடமைத்து அதனுள் முட்டைகளை இடுகின்றது. சில நாள்களிற் குஞ்சுகள் நுரையினின்றும் நழுவிக் கீழேயுள்ள நீரில் வீழ்கின்றன. தேரை நீரினுள்ளே சரம் சரமாக முட்டையிடுகின்றது. பாடநூல்கள் வாற்பேய் எனவும் ஊரவர் தலைப்பிரட்டை எனவும் கூறும் அக்குஞ்சுகள் பாசியை மேய்ந்து வளர்கின்றன. குடாநாட்டில் டெங்குக் காய்ச்சல் மிகுவதும் தவளைகள் குரலெழுப்பி இனம் பெருக்குவதும் ஒரே காலத்திலாகும். ஒரே மழையே இரண்டையும் அழைக்கின்றது. முரண்பாடு மனிதனின் கற்பனையில் எழுந்ததன்று. பருவத்தின் ஒழுங்கிலேயே அது அமைந்துள்ளது என்பது நோக்கற்பாலது.

சுகாதார விதி வெறும் அதிகாரத்தின் விருப்பத்தாற் தோன்றியதன்று. அதன் பின்னே பெருந்துயர் ஒன்றின் வரலாறு உண்டு. 1934-35ஆம் ஆண்டுகளில் இலங்கையிற் பரவிய மலேரியாக் கொள்ளைநோயில் ஏறத்தாழ 80,000 பேர் மாண்டனர். வறட்சியால் ஆறுகள் வற்றி, ஆற்றுப்படுகைகளில் ஆங்காங்கே தேங்கிய குட்டைகளே அந்நோயைப் பரப்பிய நுளம்பின் பிறப்பிடங்களாயின. பின்னர் டி.டி.ரி. தெளித்தல் முதலாய முயற்சிகளினால் நோய் தணிந்து, 1963ஆம் ஆண்டில் நாடு முழுவதிலும் 17 நோயாளரே பதிவாயினர். வெற்றி கிட்டியது எனக் கருதி விழிப்புத் தளர்ந்தது; 1969ஆம் ஆண்டில் நோயாளர் தொகை ஐந்து இலட்சத்தைக் கடந்தது. 2016ஆம் ஆண்டு செப்டெம்பரில் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடு எனச் சான்றளித்தது. அவ்வாண்டின் இறுதியிலேயே, கிணறுகளிலும் தொட்டிகளிலும் பெருகவல்ல அனோபிலிசு தீபென்சி என்னும் புதிய மலேரியா நுளம்பு மன்னாரிற் கண்டறியப்பட்டது. அடுத்த ஆண்டாகிய 2017இல் டெங்கு நோயால் ஏறத்தாழ 186,000 பேர் பீடிக்கப்பட்டு, 400க்கு மேற்பட்டோர் உயிரிழந்தனர். கவனக்குறைவுக்கு நுளம்பு கொள்ளும் விலை யாது என்பதை இவ்வாண்டுகள் காட்டுகின்றன.

2007ஆம் ஆண்டின் 11ஆம் இலக்க நுளம்பு பெருகுதலைத் தடுக்கும் சட்டம் இப்பின்னணியிற் பிறந்தது. வளவின் உரிமையாளரோ குடியிருப்பாளரோ தம் வளவில் நுளம்பு பெருகும் நிலை தோன்றாதவாறு காத்தல் கடமை என அது விதிக்கின்றது. வெற்றுப் பேணிகளையும் சிரட்டைகளையும் பழைய ரயர்களையும் அகற்றுதல் வேண்டும். கிணற்றைச் சீராக வைத்திருத்தல் வேண்டும். செயற்கையாய் அமைந்த குளத்தையோ தடாகத்தையோ வாரத்துக்கு ஒருமுறையேனும் வெறுமையாக்குதல் வேண்டும் என்பன அதன் பணிப்புகளுட் சில.

‘என் வளவு, என் தொட்டி, பிறர்க்கென்ன’ என்று கூறுவோர்க்கு இங்கு இடமில்லை. தனிமனித சுதந்திரத்தின் பெருங்காவலராகிய யோன் சுருவட் மில், 1859ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘சுதந்திரம்’ பற்றிய நூலில், பிறர்க்குத் தீங்கு நேரும் இடத்தில் ஒருவனது சுதந்திரத்திற் சமூகம் தலையிடலாம் என வரையறுத்தார். நுளம்பு வேலியை அறியாது. ஒரு தொட்டியிற் பிறந்த நுளம்பு அடுத்த வளவிற் பாடசாலைக்குப் புறப்படும் பிள்ளையைக் கடிக்கின்றது. ஆகவே பின்வளவுத் தொட்டி தனியுடைமையாயினும் அதனால் விளையும் கேடு பொதுவுடைமையாகும். மில்லின் அளவுகோலாலேயே சட்டத்தின் நியாயம் உறுதிப்படுகின்றது.

இந்நிலையிற் தவளையின் சார்பில் வாதிடுவோர் வழக்கமாக இரு நியாயங்களை முன்வைப்பர். அவ்விரண்டையும் ஆராய்தல் தகும்.

முதலாவது, தவளை நுளம்பை உண்பதால் அது மனிதனின் நண்பன் என்பது. இதில் உண்மை இல்லாமலில்லை. சில தவளையினங்களின் தலைப்பிரட்டைகள் டெங்கு நுளம்பின் முட்டைகளைத் தின்பதைப் பேராதனைப் பல்கலைக்கழக ஆய்வாளர் பரிசோதனையிற் கண்டு 2013ஆம் ஆண்டில் வெளியிட்டுள்ளனர். மத்திய அமெரிக்காவில், கொசுத்தாரிக்காவிலும் பனாமாவிலும், ஒருவகைப் பூஞ்சண நோயாற் தவளைகள் பெருந்தொகையாக அழிந்த பின்னர் மலேரியா மிகுந்தமையை 2022ஆம் ஆண்டில் வெளிவந்த ஆய்வொன்று எடுத்துக்காட்டுகின்றது. ஆயினும் இவற்றைக் கொண்டு, ‘என் தொட்டியிற் தவளை உண்டு, ஆகவே நுளம்பு இல்லை’ என முடிவு செய்தல் தருக்கப் பிழையாகும். ஒரு நாட்டின் காடுகளிற் பல்லாண்டுகளில் நிகழும் சமநிலை வேறு. ஒரு தொட்டியில் ஒரு வாரத்தில் நிகழ்வது வேறு. தலைப்பிரட்டை நீந்தும் நீரிலேயே நுளம்பின் குடம்பி நெளிவதையும் காணலாம்.

அன்றியும், இந்நியாயத்தின் அறக்குறைபாடு அதன் தருக்கக் குறைபாட்டினும் பெரிது. தவளை பயன்படுவதாற் காக்கப்படல் வேண்டும் எனின், பயன்படாதென நிறுவப்படும் நாளில் அதன் உயிர்க்கு மதிப்பில்லை என்பது பெறப்படும். 1987ஆம் ஆண்டுவரை இந்தியாவிலிருந்து தவளைக்கால்கள் ஏற்றுமதி செய்யப்பட்டன. தவளையின் பயன் அயல்நாட்டு உணவுமேசையில் உள்ளதெனக் கருதப்பட்ட வரை வயல்களிலிருந்து அவை அள்ளப்பட்டன. வயலிற் பூச்சியை உண்பதே அதன் மேலான பயன் எனக் கணக்கு மாறியபோது ஏற்றுமதி தடைசெய்யப்பட்டது. தடை நல்லதே. ஆயினும் பயன் ஒன்றையே அளவாகக் கொண்ட பாதுகாப்பு, கணக்கு மாறும்போது தானும் மாறிவிடும் என்பதனை இவ்வுதாரணம் தெளிவுறுத்துகின்றது.

இரண்டாவது நியாயம் அருமை பற்றியது. இலங்கையில் நூற்றுக்கு மேற்பட்ட தவளையினங்கள் உள்ளன. அவற்றுட் பெரும்பாலானவை உலகில் வேறெங்கும் காணப்படாதவை. பல ஏற்கெனவே அற்றுப்போய்விட்டன. இதுவும் உண்மையே. ஆனால் அருகிவரும் இனங்கள் பெரும்பாலும் ஈரவலய மழைக்காடுகளுக்கு உரியவை. கிணற்றடித் தொட்டியில் வாழ்வன ஊரெங்கும் காணப்படும் எளிய இனங்கள். அவற்றை அருமை கூறிக் காக்க முற்படுவது உண்மைக்கு மாறாகும்.

பயனும் அருமையும் நீங்கிய பின்னர் எஞ்சி நிற்பது, அது ஓர் உயிர் என்ற ஒரே செய்தியாகும். யெரெமி பெந்தம் 1789ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில், விலங்கின் பொருட்டு எழும் வினா அதன் பகுத்தறிவையோ பேச்சையோ பற்றியதன்று, அது துன்புறவல்லதா என்பதே என்றார். திருக்குறளிற் கொல்லாமைக்கெனத் தனி அதிகாரமே வகுக்கப்பட்டுள்ளது. வள்ளலாரின் சீவகாருண்யமும் இவ்வுணர்வின் வழிவந்ததே.

எனினும் கொல்லாமையை எடுத்துக்கொண்டவுடன் ஒரு தடை எதிர்ப்படுகின்றது. நுளம்பின் குடம்பியும் உயிரன்றோ? தவளைக்கு இரங்கி நுளம்புக்கு இரங்காதது எவ்வாறு பொருந்தும்? தவளையின் குரல் மழையை நினைவூட்டுவதாலும் நுளம்பின் ஒலி உறக்கத்தைக் கெடுப்பதாலும் மட்டும் இவ்வேறுபாடு எழுமாயின் அது அறமன்று; வெறும் விருப்பு வெறுப்பேயாகும். இத்தடைக்கு விடை, உயிர்களைத் தரம்பிரிப்பதிலன்றி, கொலைக்கான காரணத்தைத் தேடுவதில் உள்ளது. நுளம்பு தன் வாழ்க்கை முறையாலேயே மனித உயிர்க்கு ஊறு செய்கின்றது. அதனைத் தடுத்தல் தற்காப்பாகும். தவளை அவ்வாறு ஊறு செய்வதில்லை. அது கொல்லப்படுவது அதன் செயலாலன்று. நுளம்பு இருக்கும் இடத்தில் அதுவும் இருந்தமையால் மட்டுமே. தற்காப்பு என்னும் நியாயம் நுளம்பின் எல்லையில் நின்றுவிடுகின்றது. தவளைவரை அது நீள்வதில்லை. தவளையைக் கொல்வதற்குக் கூறத்தக்க ஒரே காரணம், கொல்லாது வேலையை முடித்தல் சிரமம் என்பதுதான். சிரமம் ஒரு காரணமாகலாம், நியாயமாகாது.

இனிச் சட்டத்தின் சொல்லை மீண்டும் நோக்குதல் வேண்டும். வாரத்துக்கு ஒருமுறை என்பது தற்செயலாக வந்த கால அளவன்று. வெப்ப நாட்டில் நுளம்பின் முட்டை, குடம்பியாகிக் கூட்டுப்புழுவாகிச் சிறகு முளைத்துப் பறப்பதற்கு ஏறத்தாழ ஏழு முதல் பத்து நாள்கள் செல்லும். ஏழு நாளுக்கு ஒருமுறை நீரை அகற்றினால் அவ்வட்டம் அறுபடும். ஆனால் தோட்டங்களிற் காணப்படும் தவளையின் முட்டை, தலைப்பிரட்டையாகிக் கால் முளைத்துக் கரையேறுவதற்குப் பல வாரங்கள் வேண்டும். சில இனங்களுக்கு இரண்டு மாதங்களும் செல்லும். சட்டம் நுளம்பின் கடிகாரத்தைக் கொண்டு எழுதப்பட்டுள்ளது. தவளையின் கடிகாரம் அதனுள் இல்லை. இது சட்டத்தின் கொடுமையன்று. ஒரு நோக்குடன் எழுதப்படும் விதி அந்நோக்குக்குப் புறம்பான அனைத்தையும் காணாது விடுதல் இயல்பு. விதி காணாததைக் காண்பது விதிக்குப் பணிபவனின் பொறுப்பாகும்.

விதியின் சொல்லும் நோக்கும் எப்போதும் ஒன்றாயிருப்பதில்லை என்பதனைச் சட்டத் தத்துவ அறிஞர் எச். எல். ஏ. ஹாட் 1958ஆம் ஆண்டிற் காட்டிய உதாரணம் புகழ்பெற்றது. பூங்காவினுள் வாகனங்கள் வரலாகாது என்ற விதி மோட்டார் வண்டிக்குப் பொருந்தும்; பிள்ளையின் விளையாட்டு வண்டிக்குப் பொருந்துமா என அவர் வினவினார். லொன் புல்லர் மறுமொழியாக, போர் நினைவாக மேடையேற்றி நிறுத்தப்படும் பாரவண்டியை அவ்விதி தடுக்குமா எனக் கேட்டார். விதியின் நோக்கை அறியாது சொல்லை மட்டும் பற்றி நின்றால் விதியே பொருளிழக்கும் என்பது புல்லரின் கருத்து.

தொட்டியின் பொருட்டும் இது பொருந்தும். டெங்கு நுளம்பு தன் முட்டைகளை நீரின் விளிம்பை ஒட்டிச் சுவரிலேயே பதிக்கின்றது. அம்முட்டைகள் நீரின்றிப் பல மாதங்கள் உயிரோடிருக்க வல்லன; மீண்டும் மழை பெய்து நீர் ஏறியதும் அவை பொரிக்கும். ஆகவே நீரை மட்டும் திறந்துவிட்டு, ‘சட்டத்தை நிறைவேற்றினேன்’ என நிற்பவன் தவளைக் குஞ்சுகள் அனைத்தையும் கொன்று, நுளம்பின் முட்டைகளைச் சுவரிற் காத்து வைத்தவனாகின்றான். சொல்லுக்குப் பணிந்து நோக்கைத் தவறவிட்டவன் அவன். சுவரைத் தேய்த்துக் கழுவுபவனே நோக்கை நிறைவேற்றுபவன். அக்கறையற்ற பணிவு மனிதனையும் காக்கவில்லை, தவளையையும் காக்கவில்லை.

இதனால், விதியை மீறலாம் என்பது பெறப்படுமா? ‘என் தொட்டியிற் குடம்பி இல்லை; நானே நாள்தோறும் பார்க்கின்றேன்; ஆகவே நீரை அகற்றேன்’ என ஒருவன் கூறினால் அது ஏற்புடையதா? அன்று. அவன் கூற்று உண்மையாயிருக்கலாம். ஆனால் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் ஊரின் ஒவ்வொரு தொட்டியினதும் உயிர்ச்சூழலை ஆராய்ந்து தீர்ப்புக் கூற இயலாது. அயலவரும் ஒவ்வொருவரது விழிப்பையும் நம்பி உறங்க இயலாது. தனித்தனி அறிவை நம்பி இயங்க முடியாத இடத்திலேயே பொதுவிதி தேவைப்படுகின்றது. தன்னைத் தானே விதிவிலக்காக்கிக் கொள்ளும் ஒவ்வொருவனும் பிறரது நம்பிக்கையிலிருந்து திருடுகின்றான் எனலாம். எனவே தொட்டி துப்புரவாக்கப்படவே வேண்டும். எஞ்சியுள்ள வினா, எவ்வாறு என்பது மட்டுமே. விதி முடிவைக் கூறுகின்றது, வழியைக் கூறவில்லை. வழியைத் தெரிவதிலேயே மனச்சான்றின் ஆட்சி தொடங்குகின்றது.

வழியை ஆராயுமுன், இந்நிலை எவரால் வந்தது எனக் கேட்டல் வேண்டும். தவளை தொட்டிக்கு வந்தது ஏன்? ஊரின் குட்டைகளும் கேணிகளும் தூர்ந்தோ, குப்பையால் நிரப்பப்பட்டோ, வீட்டு நிலங்களாக மாறியோ போயின. மழை பெய்ததும் நீர் தேடும் தவளைக்கு எஞ்சியது மனிதன் மறந்துவிட்ட தொட்டியே. வாரந்தோறும் கழுவப்பட்ட தொட்டியில் தவளைக் குஞ்சு வளர்வதில்லை; ஆகவே அங்கே கொலையும் இல்லை. பல வாரம் மறந்துவிட்டு ஒருநாள் திடீரென நினைவுகூரும் வளவிலேயே கொலை நிகழ்கின்றது. கவனக்குறைவு நுளம்பை மட்டுமன்றித் தவளையையும் வருவித்தது. ‘தவளையை நான் அழைக்கவில்லை, அது தானே வந்தது’ என்பது போதிய விடையன்று. பாதையோரத்தில் குழி தோண்டி மூடாது விட்டவன், அதில் வீழ்ந்த கன்றைத் தான் அழைக்கவில்லை என்று கூறித் தப்ப முடியாது. குழியை இனி மூடவேண்டியது அவன் கடமை. ஆனால் கன்றை உள்ளே வைத்து மூடுதல் கடமையாகாது.

இதிலிருந்து ஒரு நெறி பெறப்படும். கவனக்குறைவால் வந்த செலவைக் கவனக்குறைவுடையவனே தாங்குதல் வேண்டும். தொட்டியை அப்படியே விட்டுவிடுபவன் அச்செலவை நோயாக அயலவன்மீது சுமத்துகின்றான். மண்ணெண்ணெயை ஊற்றியோ நீரை வடிகாலிற் திறந்துவிட்டோ ஒரு நாழிகையில் வேலையை முடிப்பவன் அதே செலவை மரணமாகத் தவளைமீது சுமத்துகின்றான். இருவரும் வேறுபட்டவர்போற் தோன்றினும், தம் செலவைப் பிறர் தலையில் ஏற்றுவதில் ஒத்தவரே. மூன்றாவது வழி ஒன்றே நேர்மையானது: தன் உழைப்பாலும் நேரத்தாலும் அச்செலவைத் தானே தீர்த்தல்.

சமணத் துறவியரும் இல்லறத்தாரும் கைக்கொண்ட ஒரு வழக்கம் இங்கு நினைவுகூரத்தக்கது. அவர்கள் நீரை வடிகட்டியே அருந்துவர். வடிதுணியில் எஞ்சும் நுண்ணுயிர்களை உதறிவிடாது, நீர் எடுத்த இடத்துக்கே மீளச் சேர்ப்பர். நீர் அருந்தாது மனிதன் வாழ முடியாது. ஆயினும் அத்தேவையின் பெயரால் எழும் அழிவை உழைப்பினாற் குறைத்தல் கூடும் என்பதே அவ்வழக்கத்தின் உட்பொருள். அவர்களது சமயக் கோட்பாட்டை ஏற்காதவரும் அச்செயலின் ஒழுங்கைக் கற்றுக்கொள்ளலாம்.

தொட்டியின் பொருட்டு அவ்வொழுங்கு பெரிய வித்தையன்று. நீரைச் சிறிது சிறிதாக இறைத்து, வலைத்துணியாலோ வாளியாலோ தலைப்பிரட்டைகளை அள்ளி, அருகிலுள்ள இயற்கையான குட்டைக்கோ நீர் நிற்கும் வயலோரத்துக்கோ அன்றே சேர்த்தல் வேண்டும். தொலைவிலுள்ள நீர்நிலைக்குக் கொண்டு செல்லுதல் தகாது. மத்திய அமெரிக்காவின் தவளைகளை அழித்த பூஞ்சணம் போன்ற நோய்கள் ஒரு நீரிலிருந்து இன்னொரு நீருக்கு இவ்வாறே பரவுவன. நுரைக்கூடு சுவரிலிருந்தாற் குஞ்சுகள் விழும்வரை கீழே நீர்ப்பாத்திரம் ஒன்றை வைத்து, ஓரிரு நாளுக்கு ஒருமுறை அதைக் கவனித்து, விழுந்தவற்றை மாற்றிவிடலாம். பின்னர்ச் சுவரைத் தேய்த்துக் கழுவி, தொட்டியைக் கவிழ்த்தோ மூடியோ மணல் நிரப்பியோ விடுதல் வேண்டும். ஒரு பிற்பகல் வேலையும், பின் சில நாள்களின் கவனமுமே இதற்கு வேண்டுவன.

வேலையைச் சுருக்கும் உபாயங்களும் உண்டு. அவற்றை ஆராயாது ஏற்றலாகாது. கப்பி, கம்பூசியா முதலிய மீன்களைத் தொட்டியில் விட்டால் அவை குடம்பியை உண்ணும் என்பது உண்மை. ஆனால் அவை தவளையின் முட்டைகளையும் இளங்குஞ்சுகளையும் சேர்த்தே உண்ணும். கொலை மனிதன் கையால் நிகழாது மீனின் வாயால் நிகழ்வதாற் கண்ணுக்கு மறைகின்றது, அவ்வளவே. நுளம்புக் குடம்பியின் குடலைத் தாக்கும் ஒருவகைப் பற்றீரியாவைப் பல நாடுகளில் நீரிற் கலக்கின்றனர். அது தவளைக்கு அத்துணைத் தீங்கு செய்வதில்லை. உடனே இறைக்க முடியாத பெருங்குளங்களுக்கு அது பொருந்தலாம். கைவாளியால் இறைக்கத்தக்க தொட்டிக்கு அதனைக் கூறுதல் சோம்பலுக்குத் துணைபோவதாகும்.

இவ்விடத்தில் எதிர்வாதம் ஒன்று எழலாம். ஊரிற் டெங்கு கொள்ளை கொண்டிருக்கையில், மருத்துவமனைப் படுக்கைகள் நிரம்பியிருக்கையில், தலைப்பிரட்டைகளை எண்ணிக்கொண்டிருத்தல் அறத்தின் பெயரால் நிகழும் பகட்டன்றோ? இவ்வாதத்தின் வலுவை ஏற்றேயாக வேண்டும். ஒரு பிள்ளையின் உயிரும் ஒரு தொட்டித் தவளைகளின் உயிரும் ஒரே தராசில் வைக்கப்படத்தக்கன அல்ல. பிற்பகல் ஒன்றுகூட அவகாசம் இல்லாத நிலை மெய்யாகவே ஏற்படின், நீரைத் திறந்துவிடுதலே கடமை. ஆயினும் அப்போதும் ஒன்று எஞ்சும். செய்யத்தக்கதைச் செய்த பின்னரும், அதனால் அழிந்ததற்காக வருந்துதல் வேறு. ஒன்றும் அழியவில்லை என எண்ணுதல் வேறு. வருந்துபவன் அடுத்த மழைக்கு முன் தொட்டியைக் கழுவி வைப்பான். வருந்தாதவன் அதே கொலையை அடுத்த ஆண்டும் அவசரத்தின் பெயராற் செய்வான். பெரும்பாலான அவசரங்கள் நேற்றைய அலட்சியத்தின் பிள்ளைகள் என்பதை மறத்தலாகாது.

உரிமையாளரே இல்லாத வளவின் நிலை யாது? இது இலங்கைக்கு மட்டும் உரிய வினாவன்று. 2007ஆம் ஆண்டில் அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்துப் பேக்கர்சுபீல்ட் நகரில் வீட்டுக்கடன் செலுத்த முடியாத பலர் வீடுகளை விட்டு அகன்றனர். அவ்வீடுகளின் பின்வளவு நீச்சற் குளங்கள் பசுமை படர்ந்து நுளம்பின் உறைவிடங்களாயின; அவ்வாண்டுக் கோடையில் அங்கு மேற்கு நைல் வைரசு நோய் வழக்கத்தினும் பன்மடங்கு மிகுந்தது. குளங்களைக் கண்டறிய வானிலிருந்து படம் பிடிக்க வேண்டியிருந்தது. அங்கே கடன், இங்கே போர். இரண்டிலும் தொட்டியைப் பாழாக்கியவன் அதன் உரிமையாளன் மட்டும் அல்லன். துரத்தப்பட்டவனைக் கவனக்குறைவுடையவன் எனக் குற்றஞ்சாட்டுதல் நீதியாகாது. அவனைத் துரத்திய சமூகம் அவனது தொட்டியின் பொறுப்பையும் ஏற்கக் கடமைப்பட்டது. உள்ளூராட்சி மன்றமும் கிராம அமைப்புகளும் அயலவரும் கூடி அவ்வளவுகளைத் துப்புரவாக்குதல் உதவியன்று. சமூகம் தன் கடனைத் தீர்த்தலாகும். கடல்கடந்து வளமாக வாழ்ந்தும் வளவை விற்காமலும் கவனியாமலும் விட்டிருப்போரின் நிலை வேறு. உரிமையைக் கைவிடாதவன் பொறுப்பையும் கைவிடலாகாது.

இம்மானுவேல் கான்ற், விலங்கிடத்திற் கொடுமை செய்து பழகுபவன் மனிதரிடத்தும் கடுமையுடையவனாவான் எனக் கருதினார். விலங்குக்கு நேரே செய்யும் கடமை எதனையும் அவர் ஏற்கவில்லை என்பது அவரது கொள்கையின் குறை. ஆயினும் பழக்கம் பற்றி அவர் கண்டது மெய்யானது. ‘விதி கூறியது, செய்தேன், விதி கூறாததை நான் அறியேன்’ என்னும் மனப்பான்மை தொட்டியோடு நின்றுவிடுவதில்லை. அது அலுவலகத்துக்கும் முகாமுக்கும் பரவும். ஆணையின் சொல்லை நிறைவேற்றி, ஆணை காணாத உயிர்களைத் தானும் காணாது விட்டோர் விளைத்த துயரை இந்நாடு அறிந்துள்ளது.

மேற்கூறியவற்றால், சுகாதார விதிக்குப் பணிதலும் தவளையின் உயிரைப் பேணுதலும் ஒன்றுக்கொன்று பகையல்ல என்பது பெறப்படும். இரண்டுக்கும் பகையாயிருப்பது அலட்சியமே. சட்டம் அலட்சியத்தைத் தண்டிக்கலாம். அக்கறையை அதனாற் கற்பிக்க இயலாது. அயலவனின் பிள்ளையைக் கருதித் தொட்டியை வெறுமையாக்குபவன் குடிமகனுக்குரிய கடமையைச் செய்கின்றான். வெறுமையாக்குமுன் நீரினுள் ஒருமுறை குனிந்து பார்ப்பவன் மனிதனுக்குரிய கடமையையும் செய்கின்றான்.